மூன்று தரம் சொல்லும் பெயர்

வவுனியா
11.02.2024

அன்புள்ள அம்மா,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்காலுக்கு அனுப்பின எண்ணெய் வந்து சேர்ந்ததா? பூசுகிறீர்களா, இல்லை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியாயிற்றா?

"போனிலை கதைச்சால் நீயும் கத்துவாய், நானும் கத்துவன். பக்கத்து வளவிலை செல்லாச்சிக்குப் பொழுதுபோகும். கலியாணக் கதை எண்டால் கடிதத்திலை எழுது. போனிலை சாப்பிட்டியோ எண்டு மட்டும் கேள்" என்று பொங்கலன்று சொன்னீர்கள். சரி, எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு 'நண்பனுக்குக் கடிதம்' எழுதின பிறகு இதுதான் நான் எழுதும் முதல் கடிதம்.

நானும் வசீகரனும் இருந்து யோசித்து முடிவெடுத்தவை இவைதான். கலியாணம் ஆவணியில், நெடுந்தீவில், எங்கள் பிள்ளையார் கோவிலில். மண்டபம் வேண்டாம், பறக்கிற கமராவும் வேண்டாம். மாப்பிள்ளை குதிரையில் வரலாமே, உங்கள் ஊரில் சும்மாதானே திரியுது என்று அவருடைய சிநேகிதர்கள் பகிடி பண்ணுகிறார்கள். அதுவும் வேண்டாம்.

தாலிக்குப் பொன்னுருக்கு வைக்கலாம். ஆனால் பொன்னுருக்கினால் தாலி கட்டும்வரை பொம்பிளையும் மாப்பிள்ளையும் முகம் பார்க்கக் கூடாது என்ற சட்டம் சரிவராது. நான் கணக்குப் படிப்பிக்கிறேன், அவர் விஞ்ஞானம். இரண்டு பேருக்கும் ஒரே ஆசிரியர் அறை.

கன்னிகாதானம் இல்லை. தண்ணீர் வார்த்துத் தானம் கொடுக்க நான் பசுக்கன்று இல்லை அம்மா. ஆராத்தியை இன்னார் எடுக்கலாம், இன்னார் எடுக்கக் கூடாது என்ற பேச்சும் இல்லை. நீங்கள் அன்றைக்குக் குசினிக்குள் போய் ஒளியக் கூடாது. மணவறைக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். எனக்கு மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம், இது ஒன்றுதான் முக்கியம்.

கார்ட் மாதிரி ஒன்று இதற்குள் வைத்திருக்கிறேன். 'வினோஜாவும் வசீகரனும் அழைக்கிறோம்' என்று சுருக்கமாக இருக்கும். இப்போது எல்லாரும் இப்படித்தான் அடிக்கிறார்கள்.

உடம்பைப் பாருங்கள்.
வினோஜா

நெடுந்தீவு
03.03.2024

பிள்ளை வினோஜாவுக்கு,

உன் கடிதம் வந்தது. எண்ணெய் பூசுகிறேன், மணம்தான் ஆட்டைக் கூடக் கிட்ட வரவிடாது. உனக்குத் தும்மலும் தடிமனும் விட்டதா?

கார்ட் பார்த்தனான். இது என்ன நிறம்? கழுவாத தேத்தண்ணிக் கோப்பையின் நிறம். கலியாணக் கார்டில் ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு வேண்டாமோ? நீங்கள் இரண்டு பேரும் அழைக்கிறீர்களாம். நீங்கள் என்ன வானத்திலிருந்து குதித்தவர்களோ?

பொன்னுருக்குக் கதை சரி. ஆசிரியர் அறையில் திரை கட்டவா முடியும்? குதிரையும் வேண்டாம், அதுகள் பாவம்.

ஆனால் கன்னிகாதானம் இல்லாமல் கலியாணம் இல்லை. அதை ஐயர் முறைப்படி செய்யட்டும். உன் சித்தப்பாவும் சித்தியும் சோடியாக நின்று தாரை வார்க்கட்டும். நான் பின்னால் நிற்கிறேன். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

வசீகரனின் வீட்டார் கேட்டால் சொல்வதற்கு எழுதுகிறேன், உனக்குத் தெரியாதது இல்லை. உன் அப்பா கூட்டுறவுச் சங்கக்கடைக்குச் சாமான் எடுக்க யாழ்ப்பாணம் போனவர். குறிகட்டுவான் படகுத்துறையில் பஸ் ஏறினதைக் கண்ட ஆட்கள் இருக்கிறார்கள், இறங்கினதைக் கண்ட ஆட்கள் இல்லை. நீ அப்போது ஏழாம் வகுப்பு. அன்றைக்கு நெற்றியில் இருந்த பொட்டும் கழுத்தில் இருந்த தாலியும் இன்றைக்கும் இருக்கிறது. ஊரில் என்னை ஆராத்திக்குக் கூப்பிடவும் மாட்டினம், விலத்தி நில் என்று சொல்லவும் மாட்டினம். நானாகவே கறிக்கு உப்புப் பார்க்கப் போய்விடுவேன். அவையளுக்கும் கரைச்சல் இல்லை, எனக்கும் இல்லை.

கன்னிகாதானத்தை மட்டும் வெட்டாதே. காற்று அடிக்கிற காலம், தலையை மூடிக்கொண்டு போ.

அம்மா

வவுனியா
10.03.2024

அன்புள்ள அம்மா,

தடிமன் விட்டுவிட்டது. கார்டின் நிறத்தை மாற்றுகிறேன், நீங்கள் சொன்ன பிறகு எனக்கும் தேத்தண்ணிக் கோப்பைதான் தெரிகிறது.

மற்றது எனக்கு விளங்கவில்லை. சித்தி ஏன் அங்கே நிற்கவேண்டும்? என் வயிற்றுக்குச் சோறு தந்தது சித்தியா? சங்கக்கடையில் மண்ணெண்ணெய் அளந்து, இரவில் ஓலை பின்னி என்னைப் படிப்பித்தது நீங்கள். அப்பா இல்லாத வீட்டில் எல்லாவற்றையும் தனியச் செய்தவர், மகள் கலியாணத்தில் மட்டும் ஏன் ஒதுங்கவேண்டும்? கன்னிகாதானம் இருந்தே ஆகவேண்டும் என்றால் நீங்கள் தனிய நின்று கொடுங்கள். இப்போது யாழ்ப்பாணத்திலேயே எத்தனை தாய்மார் தனிய நின்று செய்கிறார்கள். ஐயர்மாரும் சம்மதிக்கிறார்கள்.

ஊர் என்ன சொல்லும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். அது எனக்குக் கோபம். ஊருக்குப் பயந்த ஆளா நீங்கள்? கடலுக்கே பயப்படாமல் மாரியில் படகு ஏறிப் போய் வந்த ஆள்.

நீங்கள் மணவறையில் நிற்காவிட்டால் நான் பதிவுக் கலியாணம் செய்துபோட்டு வருகிறேன். வெருட்டுகிறேன் என்று நினைக்கவேண்டாம். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

வினோஜா

நெடுந்தீவு
28.04.2024

பிள்ளைக்கு,

சுகமாக இருக்கிறாய்தானே. கடிதம் போட நாளாகிவிட்டது.

வெள்ளை ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று கிடாய். கிணற்றில் நல்ல தண்ணீர் மேலாகத்தான் கிடக்கிறது, இறைக்க இறைக்க உப்புத்தான் வருகிறது. செல்லாச்சிக்குக் கண் ஒப்பரேசன் முடிந்தது. இனி எங்கள் வளவு இன்னும் தெளிவாகத் தெரியும். மேற்குப் பக்கத்துக் கல்வேலி சரிந்தது, நானே அடுக்கிவிட்டேன்.

'அப்பா இல்லாத வீட்டில்' என்று எழுதியிருந்தாய். வாசித்தனான்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அம்மா

வவுனியா
12.05.2024

அன்புள்ள மாமிக்கு,

வசீகரன் எழுதுகிறேன். நீங்களும் ஆட்டுக்குட்டிகளும் சுகம் என்று நினைக்கிறேன். வினோஜா சுகமாக இருக்கிறாள் என்று எழுதினால் பொய். உங்கள் கடைசிக் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் பிள்ளைகளுக்குக் கணக்குக்கு மேல் கணக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஒன்பதாம் வகுப்புப் பாவம்.

நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கார்டில் பெற்றோர் பெயரை எடுத்தது நாகரிகத்துக்காக இல்லை மாமி. அச்சகத்தில் இருந்தவர் வழமைப்படி பெயர்களைக் கேட்டு எழுதினவர். உங்கள் இரண்டு பேருடைய பெயரையும் சொன்னோம். "தேப்பனுக்குத் திரு போடுறதோ, காலஞ்சென்ற போடுறதோ?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை, எல்லாரிடமும் கேட்கிறதுதானே. வினோஜா எழும்பி வெளியில் போய்விட்டாள். பஸ் தரிப்பிடத்தில் நின்று அழுதாள். பிறகு வந்து, "ஒருத்தற்றை பேரும் வேண்டாம், எங்கடை பேர் மட்டும் போடுங்கோ" என்று சொன்னாள். காலஞ்சென்ற என்று போட்டால் நீங்கள் தாங்கமாட்டீர்கள் என்றும், திரு என்று போட்டால் ஊர் கதைக்கும் என்றும் நினைத்தவள். உங்களுக்கு நோகக்கூடாது என்றுதான் வெட்டினவள்.

நான் சுற்றி வளைத்துக் கேட்கப் பழகவில்லை. கன்னிகாதானம் உங்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம்? அது இருக்கவேண்டும் என்கிறீர்கள், ஆனால் நீங்கள் நிற்கமாட்டேன் என்கிறீர்கள். ஊருக்குப் பயம் என்று வினோஜா சொல்கிறாள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

மரியாதைக் குறைவாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வசீகரன்

நெடுந்தீவு
25.05.2024

தம்பி வசீகரனுக்கு,

நான் சுகம். குட்டிகளில் கிடாய் பெரிய குழப்படி. உம்முடைய அம்மா, அப்பாவைக் கேட்டதாகச் சொல்லும்.

மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நேரே கேட்டதால் நேரே எழுதுகிறேன்.

கார்ட் கதை எனக்குத் தெரியாது. நான் வேறு மாதிரி நினைத்து அவளோடு கோபித்தனான். பெயரைக் காணவில்லை என்றதும் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நிறம் சரியில்லை என்று எழுதினேன். வேறு என்னத்தை எழுத?

என் கலியாணத்தில் ஐயர் கன்னிகாதானத்துக்கு முன்னம் பெயர் சொன்னவர். இன்னாரின் பூட்டப்பிள்ளை, இன்னாரின் பேத்தி, இன்னாரின் மகள் என்று பொம்பிளைப் பக்கம் மூன்று தலைமுறை. மாப்பிள்ளைப் பக்கமும் அப்படித்தான். எல்லாருக்கும் கேட்க, மூன்று தரம் சொல்லுவினம். என் பூட்டனார் செத்து எவ்வளவோ காலம், அப்பா பக்கத்தில் நின்றவர். ஐயர் எல்லாரையும் ஒரே மாதிரித்தான் சொன்னார். இவர் இருக்கிறார், இவர் இல்லை என்று பிரிக்கவில்லை. அது எனக்கு இப்போதும் ஞாபகம்.

வினோஜாவின் அப்பா நாகேந்திரத்தை ஊரில் இப்போது ஒருவரும் பெயர் சொல்லிக் கதைப்பதில்லை. அந்தக் காலத்தில் வீட்டுப் படலையில் நின்று "நாகேந்திரம் அண்ணை" என்று கூப்பிடாத ஆள் இல்லை. இப்போது என்னைக் கடை அக்கா என்கினம். என் முன்னால் அவர் பெயர் வந்தால் கதையை மாற்றிவிடுவினம். நோகும் என்று நினைக்கினம். நல்ல மனத்தோடுதான் செய்கினம்.

மகளின் கலியாணத்தில் அவர் பெயர் வருகிற இடம் இரண்டு. ஒன்று கார்ட், மற்றது இது. இரண்டையும் வெட்டியாயிற்று.

நான் ஏன் நிற்கமாட்டேன் என்று கேட்டீர். தனிய நின்று தாரை வார்த்தால், அவர் முடிந்துபோனார் என்று நானே சபையில் சொன்னதாக ஆகும். எனக்கு அது ஏலாது தம்பி. அவர் இருக்கிறார் என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இல்லை என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. சித்தப்பா நின்றாலும் எனக்கு மனம் பொருந்தாதுதான். ஆனால் பெயராவது சொல்லப்படும்.

இதை அவளுக்குச் சொல்லாதையும். சொன்னால் அழுவாள், அவள் அழுதால் எனக்குக் கோபம் வரும்.

மாமி

வவுனியா
09.06.2024

அன்புள்ள மாமிக்கு,

எல்லாரும் சுகம். உங்கள் சொல்லை மீறிவிட்டேன். வினோஜாவுக்குக் கடிதத்தைக் காட்டினேன். அழுதாள். நீங்கள் கோபிக்கலாம்.

போன சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் நயினாதீவுக்குப் போய்க் கலியாணம் செய்விக்கிற ஐயரைக் கண்டோம். வினோஜா கேட்டாள், "தானம் குடுக்காமல் பேர் மட்டும் சொல்லலாமோ ஐயா?" என்று. ஐயர் சிரித்துவிட்டார். "எல்லாரும் மந்திரத்தைக் குறையுங்கோ, சோத்துக்கு நேரமாச்சு எண்டுதான் வருவினம். நீங்கள் சொல்லுங்கோ எண்டு வந்திருக்கிறியள்" என்றார். தகப்பன் விசயத்தையும் சொன்னோம். அதற்கு ஐயர், "பேர் சொல்லேக்கை ஆள் இருக்கிறாரோ இல்லையோ எண்டு நான் கேக்கிறேல்லைப் பிள்ளை. அவற்றை மகள் நீ, அது போதும்" என்றார்.

ஆகவே இப்படிச் செய்வோம் என்று நினைக்கிறோம். தாரை வார்ப்பது இல்லை. இரண்டு பக்கத்துக்கும் மூன்று தலைமுறை, மூன்று தரம் சொல்லப்படும். அந்த நேரம் என் அம்மா, அப்பா ஒரு பக்கம் நிற்பார்கள். மற்றப் பக்கம் நீங்கள் நில்லுங்கள். நீங்கள் எதையும் கொடுக்கவும் வேண்டாம், எதையும் சொல்லவும் வேண்டாம்.

கார்டைத் திருத்திவிட்டோம். ஒருவருக்கும் திரு இல்லை, வெறும் பெயர்தான். என் அப்பா தன்னுடைய திருவையும் எடுத்துவிட்டதற்கு முகத்தை நீட்டிக்கொண்டு இருக்கிறார். ஓய்வுபெற்ற அதிபர், அவருக்குத் திரு இல்லாமல் குளிரும். சரியாகிவிடும்.

வினோஜாவும் இதற்குள் ஒரு துண்டு வைக்கிறாள்.

வசீகரன்

அம்மா,

சுகம் விசாரிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கு நோகக்கூடாது என்று நினைத்து, அப்பாவை எல்லா இடத்திலும் அழித்துக்கொண்டு வந்திருக்கிறேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கமாட்டேன். நானும் அச்சகத்தில் நடந்ததை உங்களுக்குச் சொல்லவில்லைத்தானே.

கார்டைப் பாருங்கள். அப்பாவின் பெயர் முதல் வரியில் இருக்கிறது. நிறம் மஞ்சள்.

வினோஜா

நெடுந்தீவு
30.06.2024

பிள்ளைக்கும் தம்பிக்கும்,

இரண்டு பேரும் சுகமாக இருங்கள். ஒரு கடிதம்தான், இரண்டு பேரும் வாசியுங்கள். இனி எதை யாருக்கு எழுதினாலும் மற்ற ஆளுக்குப் போகத்தானே போகிறது.

கார்ட் வடிவாக இருக்கிறது. 'நாகேந்திரம் – கமலாதேவி ஆகியோரின் மகள்'. சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தனான். செல்லாச்சி புதுக் கண்ணால் எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தாள். போகும்போது, "நாகேந்திரம் நல்ல வடிவாய்ப் படகு ஓட்டுவான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அவள் வாயில் அந்தக் கதை வந்தது.

நான் நிற்கிறேன். என் பக்கத்தில் வேறு ஒருவரும் நிற்கக்கூடாது, அதை இப்போதே சித்தப்பாவுக்குச் சொல்லிவை. அவன் நல்லவன், பாவம் தனிய நிற்கிறா என்று உதவிக்கு வந்துவிடுவான்.

சாப்பாடு மரக்கறி. அப்பளத்தை யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்தால் படகில் நமத்துப்போகும், இங்கேயே பொரிக்கலாம். ஐஸ்கிறீம் வேண்டாம், குறிகட்டுவான் தாண்ட முதலே பாயாசமாகிவிடும். ஆட்கள் வருவதற்குத் தனிப் படகு ஒன்று பேசியாயிற்று. உன் மாமனாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், வாந்தி வராமல் மணக்கத் தேசிக்காய் கொடுத்துவிடு.

கன்னிகாதானத்தை நான் இவ்வளவு பிடிவாதமாகப் பிடித்தாலும், பசுக்கன்று என்று நீ எழுதினதை வாசித்துச் சிரித்தனான் என்பதையும் சொல்லவேண்டும். உன்னைக் கொடுக்கிற எண்ணம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

அம்மா

நெடுந்தீவு
15.09.2024

பிள்ளை வினோஜாவுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி போனில் கேட்டேன். சாப்பிட்டியோ என்று கேட்டு வைத்துவிட்டாய், கெட்டிக்காரி. இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் நோ கூடத்தான் செய்கிறது, அன்றைக்கு நெடுநேரம் நின்றதால்.

பந்தல் கழற்றியாயிற்று. கதிரைகள் வாசிகசாலைக்குப் போய்விட்டன. வாழைக்குலைகளை ஆடு தின்னமுதல் அயலுக்குக் கொடுத்தேன். உன் மாமனார் படகிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்து, தேசிக்காய்க்கு நன்றி சொன்னார். திரு இல்லாமலும் நல்ல மனிசன்தான். ஆராத்திக்கு நீ என்னைக் கூப்பிட்டபோது செல்லாச்சி என் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டாள். தட்டில் தண்ணீர் சிந்தினதை ஒருவரும் காணவில்லை என்று நினைக்கிறேன்.

நீ போகும்போது, "பேர் சொல்லேக்கை ஏன் அம்மா ஓம் எண்டனீங்கள்?" என்று கேட்டாய். படகு வெளிக்கிடுகிற நேரம், கையைக் காட்டி அனுப்பிவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

நான் மணவறைக்குப் பக்கத்தில், அப்பா நிற்கவேண்டிய இடத்தை வெறுமையாய் விட்டு நின்றேன். சித்தப்பா சொல்லி வைத்தும் கேட்காமல் மெல்லக் கிட்ட வந்தான். ஒரு பார்வை பார்த்தேன், திரும்பிப் போய்விட்டான். ஐயர் மைக்கில், வைத்திலிங்கத்தின் பூட்டப்பிள்ளை, சரவணமுத்துவின் பேத்தி, நாகேந்திரத்தின் மகள் என்று சொன்னார். முதல் தரம் நான் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றதில் சரியாகக் கேட்கவில்லை. இரண்டாம் தரம் கேட்டது.

உன் அப்பாவைத் தேடி எத்தனை அரசாங்கக் கந்தோருக்குப் போனேன் என்று உனக்குத் தெரியும். பாதிக்கு நீயும் என் சேலையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் அவர் பெயரை நான்தான் சொன்னனான். குனிந்து எழுதிவிட்டு, சரி போங்கோ அம்மா என்பார்கள். எழுதினவர்களில் ஒருவர்கூட அந்தப் பெயரை வாயால் திருப்பிச் சொன்னதில்லை. நான் சொல்லாமல், இன்னொருவர் வாயால், நாலு பேருக்குக் கேட்க அந்தப் பெயரைக் கேட்டது அன்றைக்குத்தான்.

அதனால்தான் மூன்றாம் தரம் சொன்னபோது ஓம் என்று வாயில் வந்துவிட்டது. ஐயர்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார். கூப்பிட்டது என்னை இல்லை என்று எனக்குத் தெரியும் பிள்ளை. ஆனால் அவர் வீட்டில் இல்லாத நேரம் ஆராவது படலையில் வந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், நான்தானே ஓம் என்று குரல் கொடுக்கிறனான்.

தம்பியைக் கேட்டதாகச் சொல்லு. அடுத்த விடுமுறைக்கு இரண்டு பேரும் வாருங்கள், கிடாய்க்குட்டி வேலி பாயப் பழகிவிட்டது.

அம்மா